மயில் கழுத்து நீலம்

“கம்ப்யூட்டரே போட்டுவிடுமே, இதற்கு எதற்கு ஒரு வாரம்?” என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம். திருவல்லிக்கேணியில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் நாள்காட்டிகளுக்குச் சாமி படம் வரைவது என் வேலை. முருகன், லட்சுமி, விநாயகர் என எல்லோரும் திரையில் பிறந்து சிவகாசியில் அச்சாகிறார்கள். நான் செய்வது கலையா இல்லையா என்ற வழக்கு வாரம் ஒருமுறையாவது எங்கள் மேசைக்கு வந்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் வண்ணம் சரிபார்க்கும் பெரியவர் ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகு இங்கே வந்தார். கணினியைத் திட்ட அவரைவிட உரிமை உள்ளவர் யார்? அவரோ திட்டுவதில்லை. “நாங்கள் மட்டும் என்ன செய்தோம் தம்பி? ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு வரைந்தோம். அதையும் காப்பி என்றுதான் சொன்னார்கள்” என்பார். ஆனால் கதாநாயகன் கன்னத்தின் நிழலில் பச்சையும் ஊதாவும் வைத்தது எந்த ஸ்டில்லிலும் கிடையாது. வெயிலில், சாலையின் மறுபக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு முகம் எழுந்து வர வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு அது.

என் வேலையிலும் முடிவுகள் அப்படித்தான் வருகின்றன. திரை ஒளியால் ஆனது, தாள் மையால் ஆனது. திரையில் மினுங்கும் மயில் கழுத்து நீலத்தை நான்கு வண்ண அச்சு அப்படியே தராது. சியான் என்ற பச்சைநீல மையும் மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மையும் ஏறக்குறைய சமமாக விழுந்தால் மயில் கத்தரிக்காய் நிறத்தில் வந்து நிற்கும். மெஜந்தாவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் நீலம் வெளிறும். அதை ஈடுகட்டப் பக்கத்தில் கொஞ்சம் பொன்மஞ்சள் வைத்தால், நீலம் மாறாமலே ஆழமாகத் தெரியும். இதை எந்தப் பொத்தானும் எனக்குச் சொல்லவில்லை, பெரியவர் சொன்னார். பேனர் துணியில் அவர் கற்றது திரையில் செல்லுபடியாகிறது என்றால், கருவியை வைத்துக் கலையைப் பிரிப்பவர்களுடன் எனக்கு என்ன பேச்சு?

அசல் எங்கே என்று கேட்பார்கள். கணினிக் கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே போகலாம், உண்மைதான். ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோதே அந்தக் கேள்வி காலாவதியாகிவிட்டது. அங்கே அச்சான லட்சுமிக்கு வீடுகளில் விளக்கேற்றினார்கள். அசல் ஓவியம் யாரிடம் இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை.

தொழிலும் கலையும் இந்த ஊரில் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றதுமில்லை. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி. சீக்கிரமே தொழிற்கலையும் அதன் பாடமானது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அங்கிருந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் பிழைத்தார்கள்.

இப்போது புதிய தலைவலி. செயற்கை நுண்ணறிவு வரைந்த முருகனைக் கைப்பேசியில் கொண்டுவந்து, ‘கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள்’ என்கிறார்கள். ஒன்றில் மயிலுக்கு மூன்று கால். காலை நான் அழித்துவிடுவேன், அது பெரிய விஷயமல்ல. வேல் ஏன் இந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லையே, அதுதான் எனக்கு உறுத்தல். நூறு படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றைக் காரணத்தோடு எடுத்தவர் வந்து பேசினால் நான் கேட்கத் தயார். இதுவரை வந்தவர்கள் முதலில் வந்ததையே கொண்டுவந்தவர்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டம் இந்த அழகியல் சண்டைக்குள் நுழைவதே இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியமோ புகைப்படமோ, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது கலைப்படைப்புதான். கணினி உருவாக்கியதென்றால், அதை உருவாகச் செய்தவர் படைப்பாளர் என்று 1994 திருத்தம் சேர்த்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு நான் வரைந்த படத்தின் உரிமை முதலாளிக்கே. ஆனாலும் ‘இதை வரைந்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆவது பிரிவு படைப்பாளரிடமே விட்டுவைக்கிறது.

அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலாளியிடம் போனேன். பேனர்களில் கம்பெனிகள் பெயர் போட்டுக்கொண்டதைப் பெரியவரும் எடுத்துச் சொன்னார். “சரி, சின்னதாகப் போட்டுக்கொள்” என்றார் முதலாளி. வழக்கப்படி வலது கீழ் மூலையில் போட்டேன். அச்சாகி வந்த அட்டையில் அந்த இடத்தின் மேல் தேதித்தாள் கட்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டுப் படத்தில் கையெழுத்தை மேலே, தோகை ஓரத்துக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே வாடிக்கையாளர் தன் கடைப் பெயரை அச்சிடக் கேட்காமல் இருக்க வேண்டும்.