மணியின் மூக்கும் மூன்று கடிதங்களும்

வரும் ஜூனில் அமெரிக்கா போகிறேன். அங்கே ஒரு கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு வருட இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. நாய், பூனைகளின் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருவதைக் கற்று, அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இது முதல் படிதான். இந்தப் படிக்கு வரவே மூன்று வருடம் ஆனது. ஜூனியர்கள் ஃபோன் செய்து கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முழுதாக எழுதி வைக்கிறேன்.

தொடக்கம் மணி. மர்ஃபி டவுனில் ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணனின் நாய், ஒன்பது வயது, நீள மூக்கு நாட்டு நாய். அல்சூரில் நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இடது மூக்கில் ரத்தம். பெங்களூரில் மூக்கில் ரத்தம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது உண்ணிக் காய்ச்சல். பிளேட்லெட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதற்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுத்தேன். ரத்தம் நின்றது. ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப வந்தது, அதே இடது பக்கம். கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். அப்போதுதான் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். பயாப்ஸியில் அடினோகார்சினோமா, கார்சினோமா வகைப் புற்றுநோய். ஒரே பக்கத்தில் மட்டும் ரத்தம் வந்தால் மாத்திரையோடு நிற்காமல் மூக்குக்குள் பார்க்க வேண்டும். முதல் நாளே நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

இந்தப் புற்றுக்கு அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் பெரிய பலன் இல்லை. கட்டிக்குப் பக்கத்திலேயே கண், அதற்குப் பின்னால் மூளை, நடுவில் மெல்லிய எலும்பு. கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கில் கார்சினோமா வந்து சிகிச்சை பெறாத 139 நாய்களைக் கணக்கெடுத்தார்கள். பாதி நாய்கள் 95 நாளைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு கிடைத்த நாய்கள் பல ஒரு வருடத்தை ஒட்டியோ தாண்டியோ வாழ்கின்றன. இதைப் படித்துவிட்டு அண்ணனுக்கு என்ன சொல்வது? அனுப்ப எனக்கு ஓரிடமும் தெரியவில்லை. மனிதர்களுக்கான இரண்டு மருத்துவமனைகளில் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாக மறுத்தார்கள். வாசலில் நோயாளிகள் காத்திருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. மணி வலி மருந்தோடு மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தான். கடைசி நாளில் அண்ணன், "டாக்டரம்மா, வெளிநாட்டுல இருந்தா பொழச்சிருக்குமா?" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்ணா" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

நம் ஊரில் இந்தத் துறைக்குத் தனிப் படிப்பு என்று எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. என் எம்.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டத்தில் துறையின் பெயர் 'சர்ஜரி அண்ட் ரேடியாலஜி'. அதில் ரேடியாலஜி என்பது எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சுச் சிகிச்சையைச் சில பக்கங்களில் படித்துத் தேர்வு எழுதினேன். அமெரிக்காவில் ஏ.சி.வி.ஆர். என்ற அமைப்பு இதைத் தனிச் சிறப்புத் துறையாக வைத்திருக்கிறது. முதலில் ஒரு வருட இன்டர்ன்ஷிப் அல்லது அதற்கு இணையான அனுபவம், பிறகு பெரும்பாலும் மூன்று வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி. இயற்பியல், கதிர் உயிரியல், புற்றுநோய் மருத்துவம் எல்லாவற்றிலும் தேர்வு. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வேலை. ஒவ்வோர் ஆண்டும் இருக்கும் ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு.

ஏன் ஆசிரியர் வேலை, ஊரிலேயே ஒரு இயந்திரம் வைத்தால் ஆகாதா என்று அப்பா கேட்டார். இயந்திரம் மட்டும் வாங்கினால் ஆகாது. கதிர்வீச்சு தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கில் பணம், ஒரு மீட்டருக்கு மேல் தடிமனான கான்கிரீட் சுவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, மருத்துவ இயற்பியலாளர் எல்லாம் வேண்டும். அத்தனையும் இருந்தாலும் நாய்க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும். ஒருவர் போதாது. அதனால் கற்றுக்கொடுக்க முதலில் ஆள் வேண்டும் என்று நம்புகிறேன்.

கதிர்வீச்சு இயந்திரத்தைக் கண்ணாலேயே பார்க்காமல் எப்படி விண்ணப்பிப்பது? தெரிந்தவர் மூலம் ஒரு மருத்துவ இயற்பியலாளர் அறிமுகமானார். திருநெல்வேலிக்காரர். உரிய அனுமதி வாங்கி, எட்டு மாதம் சனிக்கிழமை தோறும் அவர் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த மூன்று வருடத்தில் நான் செய்த மிகச் சரியான காரியம் இதுதான்.

முதல் நாளே அவர் கேட்டார்: "உங்க நாய் அசையாம படுக்குமா மேடம்?" படுக்காது. கதிர் பாயும்போது அறைக்குள் யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து. மனிதர்களுக்கு வழக்கமாகத் தினம் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். நாயை முப்பது தடவைக்கு மேல் மயக்கப்படுத்த யாரும் துணிவதில்லை. அதனால் ஒரு வேளைக்கு 3 கிரே அளவில், பதினைந்திலிருந்து இருபது தடவையில் முடிக்கிறார்கள். வலி குறைத்தால் போதும் என்ற நிலையில் 8 கிரே வீதம் வாரம் ஒரு முறை, நான்கு வாரம் என்றும் கொடுப்பதுண்டு.

அந்த எண்களைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வேளையின் அளவு கூடினால் எலும்பு, கண், மூளை போன்ற திசுக்களில் மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் பாதிப்பு கூடும். இரண்டு வேளைக்கு நடுவே நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் அவகாசத்தில்தான் இந்தச் சிகிச்சையே நிற்கிறது. திசு கதிரை எப்படித் தாங்கும் என்று கணக்கிடும் எண்களைப் புத்தகத்தில் ஆல்பா, பீட்டா என்று மனப்பாடம் செய்திருந்தேன். அன்று அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்தது. மணியின் சி.டி.யையும் அவரிடம் காட்டினேன். கட்டி எதுவரை, அதைச் சுற்றி எவ்வளவு இடம் சேர்க்க வேண்டும், இடது கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று இருவரும் மாலை வரை பேசினோம். கண் லென்ஸ் தப்புவது கடினம், கண்புரை வரும் என்றார்.

சரி, விண்ணப்பம். அமெரிக்காவில் இந்த இடங்களில் பெரும்பாலானவை வி.ஐ.ஆர்.எம்.பி. என்ற பொதுவான இடப் பொருத்த முறையில் நிரப்பப்படுகின்றன. நாம் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறோம், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துகிறார்கள், கணினி இரண்டையும் பொருத்துகிறது. மார்ச் தொடக்கத்தில் முடிவு. முதல் வருடம் ரெசிடென்சிக்கு மட்டும் போட்டேன். எங்கும் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அங்கே பயிற்சியில் இருந்த ஒரு சீனியர் அக்காவிடம் என் விண்ணப்பத்தைக் காட்டினேன். "பரிந்துரைக் கடிதத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, அது ரகசியம். கடிதம் தந்த ஒரு பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நான்கு வரி எழுதியதாகச் சொன்னார். நல்ல ஒழுக்கம், கடின உழைப்பு, சகல நலன்களும் பெற வாழ்த்துகள். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. நம் கல்லூரிகளில் நல்ல கடிதம் என்றால் அதுதான், உயர்ந்தவர் தரும் ஆசீர்வாதம். அங்கே எதிர்பார்ப்பது வேறு. இந்த ஆள் நள்ளிரவில் எந்த நோயாளியை எப்படிப் பார்த்தாள், தவறு செய்தபோது என்ன செய்தாள், அவளை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை கடிதம் தரும் மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். "சார், உங்களோடு நான் பார்த்த கேஸ்கள் இவை" என்று ஐந்தாறு. அதில் எனக்குத் தடுமாற்றம் வந்த இடங்களையும் எழுதினேன், மணியின் உண்ணிக் காய்ச்சல் உட்பட. ஆசிரியரிடம் இப்படித் தாள் நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று பயந்தேன். ஒருவர் படித்துவிட்டு, "இதெல்லாம் நீ செஞ்சதே எனக்கு மறந்துபோச்சும்மா" என்றார். விண்ணப்பிக்கும் ஜூனியர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தத் தாளை மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள்.

என் நோக்கக் கடிதத்தையும் திரும்ப எழுதினேன். முதல் வருடம் சிறு வயதிலிருந்தே விலங்குகள் மீது அன்பு என்று தொடங்கியிருந்தேன். அங்கே விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அது உண்டு. இரண்டாம் முறை மணியின் சி.டி.யில் தொடங்கி, சனிக்கிழமைகளில் கற்றதைச் சொல்லி, ஊர் திரும்பி என்ன செய்யப்போகிறேன் என்று முடித்தேன். இன்டர்ன்ஷிப்புக்கும் சேர்த்துப் போட்டேன். மார்ச்சில் மின்னஞ்சல் வந்தபோது அம்மா சமையலறையில் இருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். என்ன கிடைத்தது என்று அவளுக்கு முழுதாகப் புரியவில்லை, ஆனாலும் அழுதாள்.

விசா நேர்காணலுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. முதல் நாளே சதாப்தியில் போய்ப் பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கி, காலையில் ஜெமினி மேம்பாலம் பக்கம் வரிசையில் நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்டர்ன்ஷிப்பில் எல்லாத் துறையிலும் சுற்றுவேன், கதிர்வீச்சில் சில வாரம்தான். டிசம்பரில் ரெசிடென்சிக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இம்முறை பெயர் தெரிந்த ஆட்கள் என்னைப் பார்த்திருப்பார்கள் என்பது பெரிய பலம்.

போன சனிக்கிழமை இயற்பியலாளரிடம் விடைபெறப் போனேன். அமெரிக்காவில் சிகிச்சையின்போது நாயின் தலையை எப்படி நிலைநிறுத்துகிறார்கள், பல்லால் கவ்வ வைக்கும் அச்சு எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மணியின் சி.டி.யில் அவர் வரைந்த திட்டத்தின் அச்சுப் பிரதி அவர் மேசையில் இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார். பாஸ்போர்ட் வைத்த கோப்பில் வைத்திருக்கிறேன்.