38 பவுண்டு டாக்ஸியும் 40 லிட்டர் பீப்பாயும்

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் நார்ஃபக் கடற்கரையில் ஒரு கேரவனில், அதாவது சக்கரம் வைத்த சின்ன வீட்டில், நாலு இரவு தங்கிவிட்டு வந்தோம். முதலில் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி நாரிச், அங்கே மாறி நார்த் வால்ஷம் வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து நாங்கள் தங்கப்போகும் பண்ணை ஏழு மைல் இருந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை, பஸ் கிடைக்கவில்லை. போனில் இருபத்தைந்து பவுண்டுக்குள் வரும் என்ற டாக்ஸிக்காரர், பெட்டிகளை இறக்கி வைத்ததும் 38 என்றார். ஏன் என்று கேட்டால் ஞாயிறு என்றார், பெட்டி நாலு என்றார், கடைசியில் பண்ணைப் பாதை குண்டும் குழியுமாக இருக்கிறது என்றார். சின்னவள் தோளில் தூங்குகிறாள், தூறல் வேறு. கொடுத்துத் தொலைத்தேன். இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு தடவை ஏறினால் 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கும்போது இது வயிறு எரியத்தானே செய்யும்.

போதாததற்கு ஊர்ப்பெயரை நான் சொன்ன விதத்துக்கு ஒரு சிரிப்பு. எழுத்துக்கூட்டிப் படித்தால் ஹாப்பிஸ்பர்க் என்றுதான் வரும். உள்ளூரில் அது ஹேஸ்ப்ரா. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொன்னவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

சரி, இடத்துக்கு வருவோம். நார்ஃபக் கடற்கரையில் நீச்சல்குளம், பார், பிங்கோ எல்லாம் வைத்த பெரிய கேரவன் பார்க்குகள் இருக்கின்றன. மே மாதப் பள்ளி விடுமுறையில் அவற்றின் விலையைப் பார்த்தால் ஊருக்கே டிக்கெட் போட்டுவிடலாம் போல இருந்தது. நாங்கள் போனது பார்லி வயலை ஒட்டிய ஒரு புல்வெளி. ஐந்தே ஐந்து கேரவன் நிற்கலாம். அதில் ஒன்று பண்ணைக்கார அம்மாவின் பழைய கேரவன், அதைத்தான் நாலு இரவுக்கு 220 பவுண்டுக்கு எடுத்தோம். மலிவு என்று குதித்தேன். குழாய் வயலின் அந்தக் கோடியில் இருக்கிறது என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

தண்ணீருக்கு 40 லிட்டர் பீப்பாய் ஒன்று கொடுத்தார்கள். படுக்க வைத்து, கைப்பிடி மாட்டி, புல் கட்டர் மாதிரி இழுத்துக்கொண்டு வர வேண்டும். சின்ன வயதில் அடிபம்புக்குக் குடத்தோடு போனவன், நாற்பது வயதில் காசு கொடுத்து அதையே செய்கிறேன் என்று மனைவி தம்பிக்கு போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள். நாலு பேர் குளித்தால் ஒரு பீப்பாய் காலி. கழிவறை இன்னும் விசேஷம். அடியில் ஒரு டப்பா, அதில் நீல மருந்து, நிரம்பினால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் வழியில் பக்கத்துக் கேரவன் தாத்தாவிடம் அதே டப்பாவோடு நின்று வானிலை பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாத்தா இல்லாவிட்டால் நாங்கள் திங்கட்கிழமையே கிளம்பியிருப்போம். கரண்ட் 10 ஆம்ப்தான், அதாவது மொத்தமே 2300 வாட். இது தெரியாமல் ஹீட்டர் ஓடும்போது வீட்டிலிருந்து கொண்டுபோன கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் போட்டேன். டப். இருட்டு. பண்ணைக்கார அம்மா வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் மறுபடி டப். அப்புறம் தாத்தா தன்னுடைய சின்ன கெட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கொதிக்க ரொம்ப நேரம் ஆகும், ஆனால் விளக்கு அணையாது.

முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஆம்புலன்ஸ் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு அந்த அமைதி என்னவோ காதை அடைத்துக்கொண்டது போல இருந்தது. ஜன்னல் வழியாகக் கலங்கரை விளக்கம். வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்டது, 1790இல் கட்டியது. மூன்று முறை மின்னும், பிறகு இருட்டு, முப்பது விநாடிக்கு ஒரு சுற்று. எண்ணிக்கொண்டே கிடந்தேன். 1980களில் இதை மூடப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 1990இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கித் தாங்களே நடத்துகிறார்கள்.

ஆனால் அதே ஊரைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. பீச் ரோடு என்று பலகை இருக்கிறது, ரோடு பாதியில் காற்றில் முடிகிறது. அதற்கு மேலே போக வேண்டாம், மண்ணும் களிமண்ணும் கலந்த மேடு, எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. பழைய மரத் தடுப்புகள் 1990களில் உடைந்தபோது, திரும்பக் கட்டும் செலவு அந்த வீடுகளின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். எவனோ ஒருவன் ஆபீசில் உட்கார்ந்து போட்ட கணக்கு, எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இதே கரையில்தான் 2013இல் மண் அரித்து, எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழைய மனிதக் காலடிகள் வெளியே வந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்ததில் மிகப் பழையவை. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடந்த தடம். இரண்டு வாரத்தில் அலை அழித்துவிட்டது. காட்டிய கடலே எடுத்துக்கொண்டது என்று பெரியவனிடம் சொன்னேன், அவன் கார்ட் கேப் மணலில் தன் காலை அழுத்தி அழுத்தி வைத்து போட்டோ எடுக்கச் சொன்னான். (மணலுக்கு இறங்க கார்ட் கேப்தான் நல்லது, ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல் நடை.)

எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நண்டைச் சொல்லாமல் முடியாது. புதன்கிழமை பஸ்ஸில் குரோமர் போய் முழு நண்டு ஆறு வாங்கினோம், வேகவைத்தே கொடுக்கிறார்கள். சின்ன நண்டுதான், சதை அப்படி ஒரு இனிப்பு. அதை மயோனைஸ் வைத்துத் தின்பது பாவம். இரண்டு அடுப்புக் கேரவனில் மனைவி சின்ன வெங்காயம் இல்லாமல் பெரிய வெங்காயத்திலேயே மிளகு வறுவல் பண்ணினாள். பாதியில் சிலிண்டர் தீர்ந்தது, மீதி தாத்தாவின் அடுப்பில் முடிந்தது. அவருக்கும் பாட்டிக்கும் இரண்டு நண்டு போனது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் மசாலா இருக்கிறதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு அவரே காரில் கொண்டுவந்து விட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினால் வாங்கவில்லை, மிளகுத்தூள் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். அவருடைய கெட்டில் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது, தவறுதலாகப் பெட்டியில் வந்துவிட்டது, தபாலில் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும்.