பதின்மூன்றாம் வசனம்

"காலையில போட்ட வசனம் நல்லா இருந்துச்சு சார்."

அந்தம்மா சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு, வருகையும் சம்பளமும் பார்க்கும் எங்கள் டைம் ஆபீஸ் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். குத்திக் காட்டிச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குரலை எத்தனையோ முறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி.

2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை. தேதி மறக்காமல் இருப்பதற்குக் காரணம் வேதவாசிப்பு. தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. இப்படிப் படித்தால் பைபிளில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை உள்ள 1189 அதிகாரங்களும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். என் பாட்டி வைத்த வழக்கம் இது. ஆற்காடு மிஷன் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்; கண் மங்கிய பிறகும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று எனக்கு லேவியராகமம் 18, 19, 20.

படித்து முடித்ததும் ஒரு வசனத்தை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். எங்கள் ஷூ கம்பெனியில் மத்தியான ஜெபத்துக்குக் கூடுகிறவர்களுக்காக ஆரம்பித்த குரூப் அது. தையல் செக்ஷன், கட்டிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாரும் இருக்கிறார்கள். மேனேஜரும் இருக்கிறார். அன்று நான் போட்டது 19ஆம் அதிகாரம் 18ஆம் வசனம்: "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக." ஐந்தரை மணிக்குப் போட்டேன். வழக்கம்போல முதல் "ஆமென்" அந்தம்மாவுடையதுதான்.

அவர் தையல் செக்ஷனில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தவர். பொங்கல் லீவுக்குப் போனவர் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வரவில்லை. ஜனவரியில் வேலை செய்தது ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள் காசைக் கேட்டுத்தான் அன்று மத்தியானம் வாலாஜாவிலிருந்து பஸ் ஏறி ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தார்.

"ஏழாம் தேதி எல்லாருக்கும் ஏறும்போது உங்களுக்கும் ஏறிடும்மா. நடுவுல கொடுக்கிற வழக்கமில்ல."

"இன்னிக்குக் குழு சார். நாலு மணிக்கு வந்து உட்காருவாங்க. நான் கட்டலன்னா மத்தவங்களையும் எழுந்திருக்க விடமாட்டாங்க."

குழுக் கடன் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். எனக்கும் தெரியும். தெரிந்தும், "மேனேஜர் ஊர்ல இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லை, அவர் சென்னைக்குப் போயிருந்தார். ஆனால் போன் இருந்தது. நான் போன் செய்யவில்லை. தவணை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறுநூறோ எழுநூறோ சொல்லியிருப்பார்; என் சட்டைப்பையில் அதற்கு மேலேயே இருந்தது. கேட்டால் கொடுக்க வேண்டி வரும் என்றுதான் கேட்காமல் விட்டேனா? அந்த நிமிஷத்தில் அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதை வைத்து நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

கடைசியாக, "ஜெபம் பண்ணிக்கிறேன்மா" என்றேன். அதற்குத்தான் அவர் அந்த வசனத்தைப் பற்றிச் சொன்னார்.

ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு அதே அதிகாரத்தைத் திறந்தேன். 18ஆம் வசனத்துக்கு ஐந்து வசனம் முன்னால் 13. கூலிக்காரனுடைய கூலி "விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." காலையில் இதைத் தாண்டித்தான் 18க்குப் போயிருக்கிறேன். கண் பட்டிருக்கிறது, மனதில் நிற்கவில்லை. 13ஆம் வசனம் "பிறனை ஒடுக்காமலும்" என்று ஆரம்பிக்கிறது. 18இல் அன்புகூரச் சொல்வதும் அதே பிறனில்தான். அந்த அதிகாரம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. வயலோரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரை எளியவனுக்கு விடு, செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே, தராசு சரியாக இருக்கட்டும். இவற்றின் நடுவில்தான் அன்புகூருவாயாக என்று வருகிறது. நான் அதை மட்டும் பிடுங்கி எடுத்து, பூப்படம் ஒன்றின்மேல் ஒட்டி அனுப்பியிருந்தேன்.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் வருஷத்து ஊதியச் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதுமாயிருந்தது. கையில் சில்லறைச் செலவுக்கான பெட்டி கேஷ் சாவி இருந்தாலும் மேனேஜர் கையெழுத்து இல்லாமல் வவுச்சர் போட்டால் ஆடிட்டில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை பத்துப் பேர் ஜன்னலில் நிற்பார்கள். லேவியராகமம் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் வயல்காட்டு ஆளைப் பற்றியது, மாதச் சம்பளத்துக்கு அது பொருந்தாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் மூன்று வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை, வாசிப்பில் உபாகமம் 24 வந்தது. அதே கட்டளை அங்கே மறுபடியும் வருகிறது. பொழுது போவதற்குள் கூலியைக் கொடு என்று சொல்லி, காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான். நாள் கூலியா மாதச் சம்பளமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அந்தம்மா நாலு மணியை நினைத்து நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம் முடியும் இடத்தில், பேதுரு யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் தங்கினார் என்று வரும். மத்தியான ஜெபத்தில் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் தொழில் நம்முடையது, அப்போஸ்தலன் அந்த வீட்டில் தங்கினார் பாருங்கள் என்பேன். எல்லார் முகமும் மலரும். நமக்கு ஆறுதல் தரும் வசனம் இந்த ராணிப்பேட்டைத் தோல் தொழிலுக்கு எவ்வளவு சுலபமாக வந்து பொருந்துகிறது! நம்மிடம் எதையாவது கேட்கும் வசனம் மட்டும் எப்போதும் யூதேயாவிலேயே நின்றுவிடுகிறது.

பணம் ஆறாம் தேதியே அவர் கணக்கில் ஏறிவிட்டது. அன்றைய தவணையை யாரிடமோ வாங்கிக் கட்டிவிட்டாராம், தையல் செக்ஷனில் ஒருவர் சொன்னார். பெரிய கெடுதல் எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி சரியா என்று தெரியவில்லை. அன்று என் பையிலிருந்து கொடுத்திருந்தால், அடுத்த ஞாயிறு சபையில் சாட்சியாகச் சொல்லியிருப்பேனோ என்றும் நினைக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அதன் பிறகு ஒரு மாதம் தனி வசனம் போடாமல் முழுப் பகுதியாகப் போட்டுப் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை, "ஆமென்" குறைந்துவிட்டது. மறுபடியும் ஒற்றை வசனத்துக்கே வந்துவிட்டேன். அடுத்த வருஷம் அதே அதிகாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 13ஆம் வசனத்தை டைப் செய்தேன். அந்தம்மாவுக்கு அது மன்னிப்புக் கேட்பதாகப் போய்ச் சேருமா, மேனேஜருக்குக் கம்பெனிமேல் குறை சொல்வதாகப் போய்ச் சேருமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அழித்துவிட்டேன். அன்று எதுவும் போடவில்லை.

அவர் இன்னும் குரூப்பில்தான் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு "ஆமென்" கூடப் போட்டதில்லை, விலகிப் போகவும் இல்லை. இன்று காலை ஒரு சங்கீத வசனம் போட்டேன். யார் யார் பார்த்தார்கள் என்று திறந்து பார்த்தபோது முதல் பெயர் அவருடையது, 5.32க்கு.