விமானம் தரையிறங்கிய பிறகு வரும் பத்து நாட்கள்

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்: விசா வந்துவிட்டதா, எத்தனை கிலோ கொண்டுபோக விடுவார்கள்? போய் இறங்கிய பிறகு என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை. வகுப்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது போய் இறங்கினேன். டிக்கெட் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அது தப்பு. அதனால் முதல் வாரத்து வகுப்புகளில் பாதியை விட்டுவிட்டு வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் வரிசையில் நின்றேன். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது முக்கியமாக அதைத்தான்: முடிந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

அதற்காக நினைத்த நாளில் போய்விடவும் முடியாது. அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் தடவை போகிறவர்களை, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் போட்டிருக்கும் படிப்புத் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போது உள்ளே விடமாட்டார்கள். பிரிட்டனில் படிப்பு 6 மாதத்துக்கு மேல் என்றால் ஒரு மாதம் முன்னால் போகலாம், 6 மாதமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு வாரம்தான். டிக்கெட் போடும் முன் உங்கள் விசாவுக்கு உரிய தேதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காகிதம். பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், பணம் இருப்பதைக் காட்டும் ஆவணம், தங்குமிடத்தின் முகவரி, மதிப்பெண் சான்றிதழ்களின் அசல், எல்லாமே கைப்பையில்தான் இருக்க வேண்டும். இமிக்ரேஷன் மேஜைக்கு வந்த பிறகுதான் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கே போக முடியும், அதனால் பெட்டிக்குள் வைத்த காகிதம் அந்த நேரத்தில் இல்லாததற்குச் சமம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. கடிதம் பெட்டியில் இருக்கிறது என்று அவள் மூன்று தடவை சொன்னாள், சொல்லச் சொல்லக் குரல் உடைந்துகொண்டே போனது. அவளை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. நான் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டே மொத்தப் பயணத்தையும் முடித்திருந்தேன். அதிகாரி கேட்டது என்ன படிக்கப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு யார் பணம் தருகிறார்கள், அவ்வளவுதான். நேராகப் பதில் சொன்னால் போதும், கதை வேண்டாம்.

அந்த மேஜையை விட்டு நகரும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலரும் செய்வதில்லை. கையில் கொடுத்ததை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, கனடாவில் ஊரிலிருந்து எடுத்துப்போவது ஒப்புதல் கடிதம் மட்டும்தான், உண்மையான படிப்பு அனுமதிச் சீட்டை நுழையும் இடத்தில்தான் அச்சடித்துக் கொடுப்பார்கள். பெயரில் எழுத்துப்பிழை, தவறான காலாவதித் தேதி, வேலை செய்யலாம் என்ற வரி விடுபட்டுப் போவது, இதையெல்லாம் அங்கேயே சொன்னால் அங்கேயே திருத்திவிடலாம். வெளியே வந்த பிறகு கண்டுபிடித்தால் அதற்குத் தனியாக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து மற்ற கட்டம் காலியாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே அதைச் சரிசெய்யப் பாருங்கள். அமெரிக்க விசாவில் அந்த ஒரே பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதே மூன்று எழுத்து பல்கலைக்கழகப் பதிவேடு, வங்கி அட்டை என்று கூடவே வரும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போது, வருகைப் பதிவில் யாரோ ஒருவர் அதை வாசிக்கக் கேட்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இனி முதல் இரவு. நான் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. சாவி வாசலில் இருந்த சாவிப்பெட்டியில் இருந்தது, கதவைத் திறந்தால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கட்டில் மேல் வெறும் மெத்தை. விரிப்பு இல்லை, தலையணை இல்லை, போர்வை இல்லை. அறை 'சாமான்களோடு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், சாமான் என்றால் மரச்சாமான் மட்டும்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைகள் மூடியாகிவிட்டது. துண்டை விரித்து, ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு, மடித்த இரண்டு சட்டைகளைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மெத்தையின் பிளாஸ்டிக் உறை திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சரசரத்தது. உடம்பு பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, தூக்கம் வரவில்லை. அம்மா போனில் கேட்டது, 'படுக்கை எல்லாம் வசதியா இருக்கா?' இருக்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு பருத்தி விரிப்பும் மெல்லிய போர்வையும் பெட்டியின் மேல் அடுக்கில் இருந்திருந்தால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கும்.

சிம் கார்டு. நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் போடாமல் கிளம்பிவிட்டால் சொந்தப் பணமே கைக்கு வராது. கிளம்பும் முன் ரோமிங்கைப் போட்டு, அந்த எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

பத்து நாளைத் தின்றது என்னவோ அலுவலகங்கள்தான். வங்கியில் கணக்கு தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, அறை விடும் அலுவலகம் உள்ளூர் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டது. நான்கு நாள் இப்படியே சுற்றினேன். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் ஒன்று இருக்கும், அங்கே கேட்டால் 'இவர் எங்கள் மாணவர், இன்ன முகவரியில் தங்கியிருக்கிறார்' என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்த ஒரு தாளை நீட்டியதும் வங்கிக் கதவு திறந்தது. நான்காம் நாள் போன இடத்துக்கு முதல் நாளே போயிருக்க வேண்டும்.

ஜெர்மனி போகிறவர்களுக்கு இந்தச் சங்கிலி இன்னும் நீளம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வேண்டும். சீட்டு தரமாட்டேன் என்று சொல்லி அறை விடுகிறவர்களும் இருக்கிறார்கள், வாடகை குறைவு என்று அதில் விழுந்துவிடாதீர்கள். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட விசாவுக்காக முடக்கி வைத்த கணக்கில் உள்ள பணமும் மொத்தமாகக் கிடைக்காது, அங்கே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு மாதாமாதம்தான் வரும். எந்த நாடாக இருந்தாலும் முதல் மாதச் செலவுக்கான பணம் வேறு வழியில் கையில் இருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், முன்பணம் திரும்பி வரும்போது அதுதான் பேசும்.

இவ்வளவு ஓட்டத்திலும் மனசு ஒரு பக்கம் அழுதுகொண்டுதான் இருந்தது. மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும், விடிகாலை மூன்று மணிக்கு முழுசாக விழித்துக் கிடப்பேன். புது நேரத்துக்கு உடம்பு மாற, எத்தனை மணி நேர வித்தியாசமோ ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். பகல் வெளிச்சத்தில் நடந்தால் கொஞ்சம் சீக்கிரம் பழகும், அந்த நடையில்தான் நானும் ஊரைக் கற்றுக்கொண்டேன். ஐந்தாம் நாள் சலவை இயந்திரத்தின் முன்னால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றபோது, அதே போல நின்றிருந்த இன்னொரு புது மாணவரோடு பேச ஆரம்பித்தேன். இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் அந்த இயந்திரத்தோடு போராடினோம். அதற்குப் பிறகு சாப்பிடத் தனியாக உட்கார்ந்த நாள் குறைவு.

பத்தாம் நாள் வங்கி அட்டை தபாலில் வந்தது. அன்று மாலை வீடியோவில் வீட்டுக்குப் பேசினேன். மேஜை, ஜன்னல், வெளியே தெரிகிற மரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். 'அதெல்லாம் இருக்கட்டும், கட்டிலைக் காட்டு' என்றாள் அம்மா. நீல விரிப்பும் புதுத் தலையணையும் தெரியும்படி போனைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இதை எப்போ வாங்கினே?' என்று கேட்டாள். இரண்டாம் நாள் என்று சொன்னேன்.