ஆர் அண்ட் ஏ.சி. பிராக்டிக்கல்: கேஜைக் கடைசியில் எடுங்கள்

ஐ.டி.ஐ. ஆர் அண்ட் ஏ.சி. (ரெஃப்ரிஜரேஷன், ஏர் கண்டிஷனிங்) டிரேட் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். பிராக்டிக்கலில் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதைப் பற்றி இங்கே எழுதப் போவதும் இல்லை. கடலூர், புதுச்சேரி பக்கத்து ஜூனியர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பிராக்டிக்கலில் பேக்கேஜ் யூனிட் (டக்ட் வழியாகக் காற்றை அனுப்பும் பெரிய ஏ.சி.) வந்தால் என்ன செய்வது? அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தியரிக்கு 33 சதவீதம், பிராக்டிக்கலுக்கு 60. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி யாரும் தயாராவதில்லை. கடைசி மாதம் முழுக்க செல்போனில் கொள்குறி வினாவாகத் தட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரே பிடிக்காமல் உள்ளே போகிறார்கள். அப்புறம் வெளியே வந்து எக்ஸாமினரைத் திட்டுகிறார்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விண்டோ ஏ.சி., ஸ்ப்ளிட் இரண்டும் இருந்தன. பேக்கேஜ் மெஷின் சுவரில் தொங்கிய சார்ட்டில் மட்டும்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் நிஜ யூனிட்டைப் பார்த்தது, பயிற்சிக்காகப் போன இடத்தில், புதுச்சேரியில் ஒரு துணிக்கடையின் மொட்டை மாடியில். 11 டன் மெஷின்கள் வரிசையாக நிற்கும். சித்திரை வெயிலில் தரை கொதிக்கும். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் அண்ணன் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "தம்பி, கேஜ் பையைத் திறக்காதே. முதல்ல காத்தைப் பாரு." கேஜ் என்றால் கேஸின் பிரஷரைக் காட்டும் மீட்டர். ஃபில்டர், பெல்ட், காயில், டேம்பர் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) எல்லாம் பார்த்து முடிக்கிற வரைக்கும் பையைத் தொட விடமாட்டார். அன்றைக்கு அது தொல்லையாக இருந்தது. பரீட்சையில் மார்க் வாங்கிக் கொடுத்தது அந்தப் பாட்டுதான்.

பரீட்சை சென்டரில் இருந்தது 5.5 டன் டக்டபிள் மெஷின், ஆர்-22 கேஸ். 'கூலிங் இல்லை' என்று கம்ப்ளெயின்ட் சீட்டு ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் வெளியே வந்து, "கேஸ் கம்மிடா, சார்ஜ் பண்ணணும்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டே போனார்கள். உள்ளே போனால் கேஜ் ஏற்கெனவே மாட்டியே இருக்கிறது. சக்‌ஷன் என்றால் கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கத்து பிரஷர். சக்‌ஷன் 52 பி.எஸ்.ஐ. அதைப் பார்த்தால் யாருக்கும் 'கேஸ் கம்மி' என்றுதான் வாயில் வரும். ஆர்-22 ஒழுங்காக ஓடினால் 65-லிருந்து 70-க்குள் நிற்க வேண்டும்.

நான் பேசாமல் ஃபில்டர் பேனலைக் கழற்றினேன். ஃபில்டருக்குப் பின்னால் ஒரு அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். காயிலின் கீழ்ப்பாதி வெள்ளையாக ஐஸ் பிடித்துக் கிடந்தது.

ஆனால் அட்டையை எடுத்துவிட்டு நின்றால் பாதி மார்க்தான். எக்ஸாமினர் கேட்டார், "கேஸும் கம்மியா இருக்கலாமே, தம்பி? இல்லைன்னு எப்படிச் சொல்றே?" இங்கேதான் சூப்பர்ஹீட் உதவியது, அதாவது கேஸ் கொதிக்கும் டெம்பரேச்சரைவிட சக்‌ஷன் பைப் எத்தனை டிகிரி சூடு என்பது. 52 பி.எஸ்.ஐ.க்கு பி.டி. சார்ட்டில் (எந்தப் பிரஷரில் கேஸ் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற அட்டவணை) மைனஸ் 2 டிகிரி. சக்‌ஷன் பைப்பில் வெப்பமானி 3 டிகிரி காட்டியது. வித்தியாசம் 5. கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் காயிலில் திரவம் சீக்கிரமே தீர்ந்து, ஆவி சூடாகிக்கொண்டே வரும், சூப்பர்ஹீட் எகிறிவிடும். இங்கே காற்று போகவில்லை, அதனால் கொதிக்க வைக்கச் சூடு இல்லை, எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் வால்வு) தன்னைச் சுருக்கிக்கொண்டது. பிரஷர் இறங்கியது, சூப்பர்ஹீட் எகிறவில்லை. இதைச் சொன்னதும் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிறகு கம்ப்ரசரை நிறுத்தி, ப்ளோயரை மட்டும் ஓடவிட்டு ஐஸைக் கரைத்தேன். திரும்ப ஓட்டியபோது சக்‌ஷன் 67.

நான் போகும் வரிசை இது. நான் எதையும் தாளில் எழுதாமல் நம்பாத ஆள். வேகக் கை உள்ளவர்களுக்கு இது இழுவையாக இருக்கும். அவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

- ஐசொலேட்டர் ஆஃப், பூட்டு, டேக். மீட்டர் வைத்து மூன்று பேஸிலும் சப்ளை இல்லை என்று பார்த்தல். ஃபேன் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ். இதைச் செய்துகொண்டே வாயால் சொல்லவும் வேண்டும்.
- ஃபில்டர். எவாப்பரேட்டர் (குளிரும்) காயில் முகம். டேம்பர் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது.
- பெல்ட்: ஒரு மீட்டர் ஸ்பானுக்கு சுமார் 16 மி.மீ. அமுங்கலாம். புல்லி இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பது.
- கன்டென்சர் (சூட்டை வெளியேற்றும்) காயில், ஃபேன் சுற்றும் திசை.
- ட்ரெய்ன் பேன் (காயிலில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு), ட்ராப் (ட்ரெய்ன் பைப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு).
- கான்டாக்டர் பாயின்ட், டெர்மினல் ஸ்க்ரூ டைட்.
- பவர் போட்டு வோல்டேஜ், டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு பேஸாக ஆம்பியர்.
- ரிட்டர்ன் காற்று, சப்ளை காற்று இரண்டின் டெம்பரேச்சர்.
- இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேஜ்.

கேஜ் எடுத்த பிறகு பிரஷரை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். பிரஷருக்குப் பக்கத்தில் அதன் சாச்சுரேஷன் டெம்பரேச்சரையும் (பி.டி. சார்ட்டில் வருவது), அதற்குப் பக்கத்தில் பைப் டெம்பரேச்சரையும் எழுதுங்கள். மூன்று நெடுவரிசை, அவ்வளவுதான். ஹெட் (கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து பிரஷர்) 260 பி.எஸ்.ஐ. என்றால் ஆர்-22க்கு 49 டிகிரி. லிக்விட் லைன் (கன்டென்சரிலிருந்து திரவம் வரும் பைப்) 43 டிகிரி இருந்தால் அந்த வித்தியாசம், அதாவது சப்கூலிங், 6. ஆர்-410ஏ கேஸ் என்றால் அதே 49 டிகிரிக்கு 415-ஐத் தாண்டி நிற்கும். ஆர்-22 நம்பரை மனதில் வைத்துக்கொண்டு 410-ஐப் பார்த்து 'ஓவர் சார்ஜ்' என்று சொன்னவர்கள் எங்கள் பேட்சிலேயே உண்டு.

வைவாவுக்கு (வாய்மொழிக் கேள்விக்கு) நான் எழுதி வைத்திருந்தது:

சக்‌ஷன் கம்மி, சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் கம்மி: கேஸ் குறைவு. லீக் தேடு, சும்மா ஏற்றாதே.
சக்‌ஷன் கம்மி, சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் குறையவில்லை: அடைப்பு. ட்ரையரின் (லிக்விட் லைனில் உள்ள ஃபில்டர்) இரண்டு பக்கமும் தொட்டுப் பார்.
ஹெட் அதிகம், சப்கூலிங் அதிகம்: ஓவர் சார்ஜ்.
ஹெட் அதிகம், சப்கூலிங் சாதாரணம்: கன்டென்சர் அழுக்கு, அல்லது ஃபேன்.
சத்தம் பலமாக வருகிறது, இரண்டு பிரஷரும் பிரியவே இல்லை: ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டு பேஸை மாற்று.

அடுத்தது நம்ம ஊர் விஷயம். சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் 8-லிருந்து 11 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும் கடையில் அது 7-க்கும் கீழே போகலாம், மெஷினில் கோளாறே இல்லாமல். காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே டன்னில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. ட்ரெய்னில் தண்ணீர் தாராளமாகக் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கொட்டினால் மெஷின் வேலை செய்கிறது. இதை வைவாவில் நானாகவே சொன்னேன். எக்ஸாமினர் வெளியூர்க்காரர், நிமிர்ந்து பார்த்தார்.

உப்புக் காற்று இன்னொன்று. மொட்டை மாடி கன்டென்சரில் ஃபின்னை (காயில் மேல் உள்ள மெல்லிய அலுமினியத் தகடு) விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும், பழைய அப்பளம் மாதிரி. 'காயில் எப்படிக் கழுவுவாய்?' என்று கேட்டால் 'வாட்டர் சர்வீஸ்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். பவர் ஆஃப், மோட்டாரையும் பேனலையும் மூடுவது, காற்று போகிற திசைக்கு எதிராக உள்ளேயிருந்து வெளியே தண்ணீர், பிரஷர் குறைவாக. ஆசிட் கெமிக்கல் அலுமினியத்தைத் தின்றுவிடும். மடிந்த ஃபின்னை நிமிர்த்த ஃபின் கோம்ப் (சீப்பு).

ட்ராப் பற்றிக் கட்டாயம் கேட்கிறார்கள். நான் போன துணிக்கடையில் மழையே இல்லாத நாளில் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடி ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூட்டிவந்து தளம் பூசியிருந்தார்கள். காரணம் ட்ரெய்ன் பைப்பில் ட்ராப் இல்லை. ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும்போது பேன் பக்கம் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. ட்ராப்பில் நிற்கிற தண்ணீர்தான் அந்த இழுப்பைத் தாங்குகிறது. ட்ராப் இல்லாவிட்டால் பைப் வழியாகக் காற்று உள்ளே ஏறும், தண்ணீர் இறங்காது, பேன் நிரம்பி டக்டுக்குள் வழியும். மெஷினை நிறுத்தியதும் குபுக்கென்று எல்லாம் வெளியே வரும். இந்தக் கடைசி அடையாளத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள், நேரில் பார்த்தவன் என்று தெரிந்துவிடும்.

ஹீட்டிங். கடலூர்க்காரனுக்கு ஹீட்டிங் எதற்கு என்று நானும் அந்தப் பாடத்தைத் தள்ளித்தான் வைத்திருந்தேன். அமெரிக்காவில் மாடி யூனிட்டுக்குள்ளேயே கேஸ் பர்னர் வைத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகக் காற்றைச் சூடாக்குவார்கள். அதில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு காற்றில் கலக்கும் ஆபத்து. நமக்கு அது வராது. நமக்கு வருவது இரண்டு: ஹீட் பம்பில் கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வு, அப்புறம் எலக்ட்ரிக் ஹீட்டர். ஆபரேஷன் தியேட்டரிலும் மருந்துக் கம்பெனியிலும் ஈரத்தை எடுக்கக் காற்றை அதிகமாகக் குளிரவைத்துவிட்டு, மறுபடி கொஞ்சம் சூடாக்கி அனுப்புவார்கள். அதற்கு ஹீட்டர் வேண்டும். ஹீட்டருக்கு இரண்டு காவல்: காற்று ஓடுகிறது என்று உறுதிசெய்யும் ஏர்ஃப்ளோ ஸ்விட்ச், சூடு மிஞ்சினால் வெட்டும் ஹை லிமிட். இங்கேயும் காற்றுதான் முதலில் வருகிறது, கவனித்தீர்களா?

கிராங்க்கேஸ் ஹீட்டரை இதோடு குழப்பாதீர்கள். அது ஆயிலுக்கு. மெஷின் நிற்கும்போது கேஸ் போய் ஆயிலில் கலக்காமல் இருக்க. 2024 ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மெஷின் என்றால், ஹீட்டரை மட்டும் சுமார் ஒரு நாள் சூடாகவிட்டுப் பிறகுதான் கம்ப்ரசரை ஓட்ட வேண்டும். கரண்ட் வந்த உடனே முதலாளி 'போடு போடு' என்பார். போடக் கூடாது.

தியரிக்குப் போகிற போக்கில்:

1 டன் = 12,000 பி.டி.யூ./மணி = 3.517 கிலோவாட்.
ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987, அதன் கிகாலி திருத்தம் 2016.
ஆர்-22க்கு மினரல் ஆயில், ஆர்-410ஏக்கு பி.ஓ.இ. (ஒரு சிந்தெடிக் ஆயில்); பி.ஓ.இ. ஈரத்தை உறிஞ்சும்.
410-ஐ லிக்விடாகத்தான் ஏற்ற வேண்டும், கலவை என்பதால்.
கேஸ் ஏற்றும் முன் வேக்கம் 500 மைக்ரான். இறங்கினால் மட்டும் போதாது, பம்ப்பை மூடிய பிறகு நிற்க வேண்டும்.
லீக் டெஸ்டுக்கு நைட்ரஜன். ஆக்சிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.
பிரேஸிங் செய்யும்போதும் உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓட வேண்டும், இல்லையென்றால் பைப்புக்குள் கறுப்பாக ஆக்சைடு படியும்.
வோல்டேஜ் அன்பேலன்ஸ்: 400, 410, 420 என்றால் சராசரி 410, அதிகபட்ச விலகல் 10, அதாவது 2.4 சதவீதம். 2-ஐத் தாண்டினால் மோட்டாருக்கு ஆகாது.

சென்டருக்குப் போகும்போது பி.டி. சார்ட்டை அனுமதிப்பார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். விடமாட்டார்கள் என்றால் ஆர்-22க்கு நாலு புள்ளி, 410-க்கு நாலு புள்ளி மனப்பாடம் போதும். சொந்த டாங் டெஸ்டர் இருந்தால் புது பேட்டரி போட்டு எடுத்துப் போங்கள். அங்கே கொடுத்த மீட்டரின் புரோப் ஒயர் பிய்ந்திருந்தது, அதைக் காட்டி வேறு கேட்டு வாங்குவதிலேயே எனக்கு நேரம் போய்விட்டது. ரெக்கார்ட் நோட்டில் பேக்கேஜ் யூனிட் வயரிங் படத்தைப் பென்சிலில் நீங்களே வரைந்திருக்க வேண்டும். வைவா கேள்வி பாதி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.