வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் போன்: பூட்ட வேண்டிய இடங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி. இந்தக் கரையோர ஊர்களில் துபாயிலோ தம்மாமிலோ கோலாலம்பூரிலோ ஒருவராவது சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில் இல்லாத தெரு கிடையாது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஹெட்செட் மாட்டிய கம்ப்யூட்டர் முன்னால் குடும்பமே உட்கார்ந்து பேசும் வீடுகள் நிறைய. கடையில் மினிட்ஸ் வாங்கி, விற்பவர் தரும் டயலரையோ, நெட் போன் நிறுவனத்தின் கணக்கைப் போட்டு ஓட்டும் சாஃப்ட்போன் மென்பொருளையோ போட்டுப் பேசுவது பழகிப்போன காரியம். பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: யாராவது ஒட்டுக் கேட்பார்களா?

கேட்க முடியும். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் திருடர்கள் பெரும்பாலும் குறிவைப்பது இரண்டு இடங்களை: கணக்கில் கிடக்கும் பேலன்ஸ், தெரியாத நம்பர் வந்தாலும் ‘வாப்பாவாக இருக்கும்’ என்று நம்பி எடுக்கும் வீட்டாரின் பழக்கம். இரண்டாவதை முதலில் பார்ப்போம், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

துபாயிலிருந்து டயலரில் கூப்பிட்டால், அந்தப் பேச்சு மினிட்ஸ் விற்றவரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து மொத்த வியாபாரிகள் சிலரின் கை மாறி இந்தியாவுக்குள் வருகிறது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வெளிநாட்டு வாசல் வழியாக வந்தால் அது ஒயிட் ரூட். அதற்குக் கட்டணம் உண்டு. அதை மிச்சம் பிடிக்க, ஏதோ ஓர் ஊரின் வாடகை அறையில் 16, 32 என்று சிம் கார்டு செருகிய பெட்டியை நெட்டில் மாட்டி, அங்கிருந்து உள்ளூர்க் கால் போல மாற்றி விடுவது கிரே ரூட். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூப்பிடுபவர் ஷார்ஜாவில் இருக்கிறார், உங்கள் திரையில் +91 என்று தொடங்கும் தெரியாத மொபைல் நம்பர் வருகிறது, நாளைக்கு வேறொரு +91 நம்பர் வருகிறது என்றால், அந்தக் கால் பெரும்பாலும் சிம் பெட்டி வழியாக வந்திருக்கும்.

பெட்டி வைத்திருப்பவன் நினைத்தால் பேச்சைப் பதிவு செய்துகொள்ள முடியும். அதைவிடப் பெரிய சேதம், இப்படி வருகிற கால்களால் வீட்டில் உள்ளவர்களுக்கு நம்பரைப் பார்க்கும் பழக்கமே போய்விடுவது. ஒருநாள் ‘உம்மா, நான்தான், போன் தண்ணியில விழுந்துருச்சு, இது கூட்டாளி நம்பர், அவசரமா பணம் போடணும்’ என்று இரைச்சலோடு ஒரு குரல் வந்தால், சந்தேகப்பட வேண்டும் என்றே தோன்றாது. லைன் சரியில்லாமல் குரல் மாறிக் கேட்பதும் நெட் காலில் வாடிக்கைதானே!

2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை, வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் போட்டுக்கொண்டு வரும் போலிக் கால்களைத் தடுக்க ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தச் சோதனை நடப்பது வெளிநாட்டு வாசலில். சிம் பெட்டிக் கால் நாட்டுக்குள்ளேயே பிறப்பதால் அதில் சிக்காது. ஆகவே வீட்டில் ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாள், பிள்ளை பெயர் வேண்டாம், அதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே கிடைக்கும். பாட்டி வீட்டில் வளர்த்த ஆட்டின் பெயர் மாதிரி எங்கும் எழுதாத ஒன்று போதும். பணம் என்ற பேச்சு வந்ததும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். வராவிட்டால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். இந்திய நம்பரில் வந்த வெளிநாட்டுக் கால் என்று புகார் செய்ய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தனிப் பகுதியே இருக்கிறது.

‘மோடம் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறோம், மாதம் வாடகை தருகிறோம்’ என்று யாராவது கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது அனுமதியில்லாத டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது பேலன்ஸ். டயலர் கணக்கில் மினிட்ஸ் போட்டுத் தருபவரின் திரையில் உங்கள் யூசர்நேம், எந்த நம்பருக்கு எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற விவரம் எல்லாம் தெரியும். பல டயலர்களில் பாஸ்வேர்டும் அவர் போட்டதுதான். மாற்ற வசதி இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இல்லையென்றால், ஒரு வாரத்துக்குத் தேவையானதற்கு மேல் அதில் பணம் போடாதீர்கள்.

சாஃப்ட்போனில் போடும் கணக்குக்குப் பெயர் சிப் (SIP) கணக்கு; சிப் என்பது நெட் கால்களை இணைக்கும் முறை. அந்தக் கணக்கில் திருட்டு நடப்பது பெரும்பாலும் இரவில், அல்லது விடுமுறை நாளில். காலையில் கால் பட்டியலைத் திறந்தால், வீட்டில் எல்லோரும் தூங்கிய நேரத்தில், யாருக்கும் தெரியாத நாட்டுக் குறியீட்டுக்கு வரிசையாகக் கால் போயிருக்கும். அந்த நம்பர்களுக்கு நிமிடக் கட்டணம் மிக அதிகம், அதில் ஒரு பங்கு நம்பரை வைத்திருப்பவனுக்குப் போகும். திருடன் தன்னுடைய நம்பருக்கே உங்கள் காசில் கூப்பிடுகிறான். இதை அடைக்க, சேவை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, கால் போக அனுமதிக்கும் நாடுகளைத் தேவையானவற்றோடு நிறுத்துங்கள். நம் பக்கத்து வீடுகளுக்கு அமீரகம் 971, சவுதி 966, கத்தார் 974, குவைத் 965, ஓமான் 968, பஹ்ரைன் 973, பிறகு மலேசியா 60, சிங்கப்பூர் 65, இலங்கை 94, இவ்வளவு போதும். தானாக ரீசார்ஜ் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் திருடன் பேலன்ஸைத் தீர்க்கத் தீர்க்க உங்கள் கார்டிலிருந்து மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் 300 ரூபாய்க்கு மேல் வேண்டாம். ஒரே நேரத்தில் ஒரு கால் மட்டும் என்று வரம்பு வைக்க முடிந்தால் அதையும் வையுங்கள்.

பாஸ்வேர்டு எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாஃப்ட்போன் சர்வரில் பதிவு செய்யும்போது பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாது. சர்வர் கொடுக்கும் ஒரு சொல்லோடு பாஸ்வேர்டைக் கலந்து, எம்டி5 என்ற கணக்கு முறையில் அரைத்து, அந்த விடையைத்தான் அனுப்பும். நடுவில் இந்த இரண்டையும் பிடித்தவன் தன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாக அரைத்துப் பார்க்கலாம், சர்வருக்கு ஒன்றும் தெரியாது. எட்டு இலக்க எண் என்றால் மொத்தம் பத்துக் கோடி வகை. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் சாதாரண மேசைக் கம்ப்யூட்டரே நொடிக்குப் பல லட்சம் அரைக்கும் என்பதால் சில நிமிட வேலை. பிறந்த தேதியைப் போட்டிருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகாது. 16 எழுத்து, பொருளில்லாத கலவையாக வையுங்கள். அதைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பதில் தவறே இல்லை. திருடன் பீரோவுக்கு வரப்போவதில்லை.

இனி ஒட்டுக் கேட்பது. உங்கள் லைன் திறந்து கிடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நெட்டில் போய்வரும் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இலவசம். அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டு, நெட் வரும் இணைப்பைத் தேர்ந்து ஓடவிட்டு, ஒரு நிமிடம் பேசி நிறுத்துங்கள். டெலிபோனி மெனுவில் ‘வாய்ப் கால்ஸ்’ திறந்தால், திறந்த லைனில் நீங்கள் கூப்பிட்ட நம்பர் அப்படியே வரிசையில் நிற்கும். அதைத் தேர்ந்து ‘ப்ளே ஸ்ட்ரீம்ஸ்’ அழுத்துங்கள். உங்கள் குரலும் அந்தப் பக்கத்துக் குரலும் தெளிவாகக் கேட்டால், வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனும் கொஞ்சம் மெனக்கெட்டால் கேட்டுவிடுவான் என்று அர்த்தம். பட்டியல் காலியாக இருந்தால் சிப் பூட்டியிருக்கலாம், அல்லது உங்கள் டயலர் தனி முறையில் அனுப்பலாம். டயலர் என்றால் காலிப் பட்டியலை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம். நெட் காலைத் தடுக்கும் நாடுகளில் பிடிபடாமல் போக வேஷம் போடுவதும், பேச்சைப் பூட்டுவதும் வேறு வேறு வேலைகள்.

மைக்ரோசிப் (MicroSIP) என்ற சாஃப்ட்போன் வைத்திருப்பவர்கள் கணக்கு அமைப்பில் ட்ரான்ஸ்போர்ட் என்ற இடத்தில் சிப் செய்தியைப் பூட்டும் டிஎல்எஸ், மீடியா என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் பேச்சைப் பூட்டும் ‘மேண்டேட்டரி எஸ்ஆர்டிபி’ தேருங்கள். சர்வர் முகவரியின் பின்னால் போர்ட், அதாவது நுழையும் வாசலின் எண், 5060க்குப் பதில் பெரும்பாலும் 5061 வரும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். எஸ்ஆர்டிபி மட்டும் போட்டு டிஎல்எஸ் போடாவிட்டால், பேச்சைத் திறக்கும் சாவி சிப் செய்திக்குள்ளேயே எல்லோரும் படிக்கும்படி போகும். கதவைப் பூட்டிச் சாவியைத் தாழ்ப்பாளிலேயே தொங்கவிட்ட கதைதான். இந்த இரண்டையும் தராத நிறுவனத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. போட்ட பிறகும் பூட்டு உங்கள் வீட்டிலிருந்து அந்த நிறுவனத்தின் சர்வர் வரைக்கும்தான், அதைத் தாண்டிச் சாதாரண போன் லைனில் பேச்சு திறந்தே போகும். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் லின்ஃபோன் என்ற சாஃப்ட்போன் போட்டு இசட்ஆர்டிபி என்ற பூட்டு முறையைத் தேர்ந்தால் முழு வழியும் பூட்டு. முதல் காலில் திரையில் சில எழுத்துகள் வரும், ஒருவருக்கொருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பொருந்தினால் நடுவில் ஆள் இல்லை. வாட்ஸ்அப் கால்களும் 2016 முதல் இப்படி முழு வழியும் பூட்டியே போகின்றன, ஆனால் அமீரகத்தில் அந்தக் கால் தடை. அங்கே இருப்பவர்கள் அந்த நாட்டு அனுமதிப் பட்டியலில் உள்ள செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும். தடையைத் தாண்டித் தருகிறோம் என்று பென் டிரைவிலும் லிங்க்கிலும் சுற்றும் டயலரைப் போடவே போடாதீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறையும் சொல்ல வேண்டும். நெட் போனில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும். சரிசெய்ய வருபவர் ரூட்டரில் அந்தக் கம்ப்யூட்டரை டிஎம்இசட்டில், அதாவது ரூட்டரின் காவல் இல்லாமல் நெட்டுக்குத் திறந்த இடத்தில் போட்டுவிடுவார், அல்லது போர்ட் 5060ஐத் திறந்துவிடுவார். சில வீடுகளில் குரல் உடனே வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு நாளில், நடு இரவில் போன் அடிக்கும், எடுத்தால் சத்தமே இருக்காது, கூப்பிட்டவர் நம்பர் 100 அல்லது 1001 என்று இருக்கும். பேய்க் கால் என்று பயப்பட வேண்டாம். உலகம் முழுக்க 5060ஐத் தட்டித் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுகின்றன. அந்தக் கால் உங்கள் நிறுவனத்தின் வழியாக வரவே இல்லை. ஒரு பக்கக் குரலுக்குப் பெரும்பாலும் காரணம் ரூட்டரில் இருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி. அது சிப் செய்தியின் முகவரிகளைத் திருத்துகிறேன் என்று கெடுத்துவைக்கும். அதை அணைத்து, சாஃப்ட்போன் தன் வெளி முகவரியைத் தானே கண்டறியும் ஸ்டன் வசதியைப் போட்டு, டிஎம்இசட்டையும் திறந்த போர்ட்டையும் மூடுங்கள். சாஃப்ட்போன் தானே வெளியே போய்ப் பதிவு செய்து அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கும், ஆகவே கால் உள்ளே வர ரூட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. டிஎல்எஸ் போட்டால் இன்னொரு நன்மை: செய்தியைப் படிக்க முடியாததால் சிப் ஏஎல்ஜியால் அதைக் கெடுக்கவும் முடியாது.

ரூட்டர் பக்கத்திலேயே இருக்கும்போது அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஃபைபர் மாட்ட வருபவர்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவது சாதாரணம். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அழுத்தியோ பின் எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் அணையட்டும், வெளியிலிருந்து ரூட்டரைத் திறக்கும் வசதியும் அணையட்டும். விருந்தாளிக்கு கெஸ்ட் வைஃபை.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நெட் போனும் பேங்க் வேலையும் ஒரே பழைய கம்ப்யூட்டரில் என்றால் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். சாஃப்ட்போனை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 2023 மார்ச்சில் நெட் போன் மென்பொருள் செய்யும் த்ரீசிஎக்ஸ் நிறுவனத்தின் சொந்த, கையொப்பமிட்ட டெஸ்க்டாப் செயலியிலேயே திருட்டு நிரல் ஏறி வந்தது. அதனால் தினசரிப் புழக்கத்துக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி யூசர் கணக்கு வையுங்கள், பிள்ளைகளின் கிராக் விளையாட்டுகள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே வேண்டாம். சில சாஃப்ட்போன்கள் பாஸ்வேர்டை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருக்கும், கிராக்கோடு வரும் நிரலுக்கு அதை எடுப்பது பெரிய வேலை அல்ல.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வேறொரு போனிலிருந்து கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, வெளிநாட்டுக் கால்களை முழுதாக நிறுத்துங்கள். கால் பட்டியலை உடனே இறக்கிச் சேமியுங்கள். கார்டு சேர்த்திருந்தால் பேங்குக்குச் சொல்லுங்கள். பிறகு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு. இந்த 1930, அவசர உதவிக்கான 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 போன்றவற்றை டயலரில் அடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கரண்ட் போனால் மோடமும் போய்விடும், நெட் போன் ஊமை. சார்ஜ் உள்ள சாதாரண மொபைல் ஒன்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும்.