பக்கவாட்டுக் கதவின் சாவி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நான் பிறந்த ஊரில் ஒரு திரையரங்கு இருந்தது. அங்கே வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவராக என் அப்பா முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். படம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கும்போது, வெளிச்சம் உள்ளே விழாதபடி கறுப்புத் திரைச்சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் எடுத்து, கதவைச் சுவரோடு சாய்த்துக் கொக்கி மாட்டுவார். இப்படி நான்கு கதவுகள். திரையில் 'வணக்கம்' என்ற எழுத்து வரும்போது ஒரு கதவுகூட மூடியிருக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் அரங்க மேலாளராகிப் பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பைப் புரிந்துகொண்டேன்.

1998இல் எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். பொள்ளாச்சியில் கல்யாண மண்டபம் என்று சொல்லப்படும் கட்டடம், கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஆடிட்டோரியம் ஆகிவிடுகிறது. எல்லையில் அரங்கம் நடத்துபவர் அறிந்திருக்க வேண்டியது, பெயரோடு சேர்ந்து கூட்டத்தின் நடையும் மாறுகிறது என்பதைத்தான். தமிழ்க் குடும்பம் முதல் நாள் மாலையே வந்து இறங்கும். பெண் அழைப்பு, வரவேற்பு, விடியற்காலைச் சிற்றுண்டி, முகூர்த்தம், மதியச் சாப்பாடு என்று பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நெரிசல் பரவிக் கரைந்துவிடும். மலையாளக் குடும்பத்தின் திருமணத்தில் விருந்தினர் பெரும்பாலும் முகூர்த்தத்தையொட்டியே வருகிறார்கள். தாலி கட்டி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்து சத்யா எனப்படும் வாழையிலை விருந்துக்குப் போகிறது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இருக்கை போட்ட கூடத்தில் ஒருவருக்கு 0.6 சதுர மீட்டர் என்றும், உணவுக் கூடத்தில் 1.5 சதுர மீட்டர் என்றும் கணக்கிடச் சொன்னது. 600 சதுர மீட்டர் கூடத்தில் 1,000 பேர் அமரலாம். பக்கத்திலுள்ள 300 சதுர மீட்டர் உணவுக் கூடத்தில் 200 பேர்தான் சாப்பிடலாம். அப்படியானால் ஐந்து பந்தி. முதல் பந்திக்கு இடம் பிடிக்க எழுந்து வரும் மீதி 800 பேர் எங்கே நிற்பார்கள் என்ற கேள்விக்கு, முன்பணம் வாங்கும்போதே விடை தெரிந்திருக்க வேண்டும். இன்று இதை எழுதுவது எளிதாக இருக்கிறது. அன்று இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

2009 ஐப்பசியில் ஒரு மாலை வரவேற்பு. அழைக்காதவர்கள் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்று பெண்ணின் தந்தை மிகவும் வருந்திச் சொன்னதால், வெளிமுற்றத்துக்குப் போகும் பக்கவாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அலங்காரம் செய்தவர்கள் அந்தக் கதவின் மேல் துணியைக் கட்டிப் பூச்சரம் தொங்கவிட்டார்கள். அங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதே மறைந்துபோயிற்று. எட்டரை மணிக்கு இடியோடு மழை கொட்டியது. முற்றத்தில் நின்றவர்கள் உள்ளே ஓடி வரவும், சாப்பிட்டு முடித்தவர்கள் வண்டியை நோக்கி வெளியேறவும், இரண்டு கூட்டமும் முன்வாசலின் நான்கு படிகளில் மோதிக்கொண்டன. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடிகள் இருட்டு. வெளிச்சம் வந்தபோது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கடைசிப் படியில் கிடந்தார். அவருடைய ஒற்றைச் செருப்பு மூன்று படிக்கு மேலே இருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர் பிழைத்தார், ஆனால் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. பெண்ணின் தந்தையோ மண்டப உரிமையாளரோ என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மழையால் நடந்தது என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பூட்டிய கை என்னுடையது என்பதை நான் அறிவேன்.

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைப் படித்திருந்தும், அதை என் மண்டபத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். தீ என்றால் தீயணைப்புக் கருவி, கூரைக்குக் கீற்று கூடாது என்ற அளவில் என் புத்தி நின்றுவிட்டது. வெளியே போகும் வழியைப் பற்றி அது யோசிக்கவே இல்லை.

அந்த விபத்துதான் என்னைப் படிக்க வைத்தது. அமெரிக்காவில் 1924இல் ஆடிட்டோரியம் மேலாளர்கள் கூடித் தொடங்கிய சங்கம் இன்று சர்வதேச அரங்க மேலாளர்கள் சங்கமாக வளர்ந்து, இந்தத் தொழிலுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளித்துவருகிறது. இரவு மண்டபம் பூட்டிய பிறகு படித்து, என் அனுபவத்தை எழுதிக் கொடுத்து, தேர்வு எழுதி, நேர்காணலில் தேறி நானும் அந்தச் சான்றிதழைப் பெற்றேன். பாடங்களில் வந்த எடுத்துக்காட்டுகள் பனித்தளத்தில் ஹாக்கி ஆடும் பேரரங்குகளைப் பற்றியவை. ஆனால் ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும், யாருடைய சொல்லுக்கு நிகழ்ச்சி நிற்க வேண்டும், கூட்டம் எந்த அளவில் தன் கால் தன் வசமில்லாத திரளாகிறது என்பவை ஹாக்கிக்கும் சத்யாவுக்கும் ஒன்றே. ஊரில் பலரும், மண்டபம் பார்த்துக்கொள்ளவா தேர்வு எழுதினாய் என்று கேட்டார்கள். ஆம், அதற்காகவேதான் எழுதினேன்.

இப்போது பாலக்காட்டுப் பக்கம் வேறோர் அரங்கத்தில் இருக்கிறேன். கேரளத்தில் இத்தகைய இடங்களுக்கென 1963ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமமும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மூடிய கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்ற விதி நாடு முழுவதற்கும் பொது. இவற்றைச் சொன்னால் வாடிக்கையாளர் கேட்டுக்கொள்வார். கதவைப் பூட்ட மாட்டேன் என்று சொல்லும்போதுதான் முகம் மாறும். கோபித்துக்கொண்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பர் 25 அன்று கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில், மழை தூறியதும் வெளியே நின்றவர்கள் உள்ளே பாய, படிகளில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் காலை, முன்பு என்னிடம் கோபித்துப் போன ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் பேசவில்லை, "நீங்க அன்னைக்குச் சொன்னது இதைத்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊரார் பட்டு உடுத்தும் நாளெல்லாம் எனக்கு வேலை நாள். சொந்தத் தம்பியின் திருமணத்துக்கு, தாலி கட்டிய பிறகே போய்ச் சேர்ந்தேன். நல்லவேளையாக, தமிழர்க்கு ஆடியும் மலையாளிகளுக்குக் கர்க்கடகமும் ஒரே மாதம். இரு தரப்பாருக்கும் கல்யாணம் இல்லாத அந்த மாதத்தில்தான் மண்டபத்துக்கு வெள்ளையடிப்பேன், மனைவியோடு நான்கு நாள் கோயில்களுக்குப் போவேன். குழந்தைகள் சிறுவயதில் ஆடியை 'அப்பா மாசம்' என்றே சொல்வார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும் மற்றப் பதினொரு மாதமும் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எண்ணி நான் கலங்கியதுண்டு. மனைவி ஒருமுறைதான் மனம் விட்டுச் சொன்னாள்: "எல்லாருக்கும் வாசல் திறந்து வைக்கறீங்க, நம்ம வீட்டு வாசல்ல நான்தான் காத்திருக்கேன்."

கடந்த ஆவணியில் எங்கள் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி அவர்கள் ஊர் மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தபோது, கூடத்தின் தென்புறக் கதவை மறைத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளை இறக்கத் தொடங்கினேன். அந்த மண்டபத்து இளம் மேலாளர் பதறி வந்தார். கதவில் பூட்டும் இருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருப்பதாகவும் அவர் டீ குடிக்கப் போயிருப்பதாகவும் சொன்னார். கூட்டிவரச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். மேடையிலிருந்து ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். மூன்றாவதாக என் மனைவியே வந்தாள். பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மீதமிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து நகர்த்தினாள். வாட்ச்மேன் ஓடி வந்து பூட்டைத் திறக்கும் வரை இருவரும் அங்கேயே நின்றோம்.